விலக்குப் பட்டியல்

முதல் வேலை எண்ணுவது.
சூரமங்கலம் தலைமையகம், லீ பஜார் கிட்டங்கி,
ஆத்தூர், ஓமலூர், மேலே ஏற்காடு,
நானூற்றுப் பதினேழு கணினி.
அத்தனையிலும் ஜாவா உண்டு,
இருபத்துமூன்று வெவ்வேறு வயதில்.
பதிப்பு என்று எழுதப் போனால்
விரல் வயது என்றே தட்டுகிறது.
சிலதில் மூன்று ஜாவா,
ஒரே வீட்டில் தனித்தனி உலை வைக்கும் ஓரகத்திகள்;
ஒருத்தி அடுப்பை ஒருத்தி அணைக்கிறாள்,
பில் அடிக்கிறவன் பட்டினி.

இனி எதில் எது ஓடும் என்பதை
ஓரிடத்தில் உட்கார்ந்து சொல்ல
மென்பொருள் வாங்கியாயிற்று. லைசென்ஸ்
தலைக்கு இவ்வளவு என்று.
நிறுவும் திட்டம் என் தலைக்கு.

தேதிக் கட்டத்தில்
"கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை, புதன்" என்று போட்டேன்.
சென்னை ஆலோசகர் போனில் சிரித்தார்.
அன்னைக்கு ஊரே பொங்கப் பானையோட கிளம்பும் சார்,
ஒருத்தரும் லாகின் பண்ண மாட்டாங்க என்றேன்.
ஒத்துக்கொண்டார்.

ஏற்காட்டில் பதினோரு கணினி.
மேகம் இறங்கினால் இணைப்பும் இறங்கும்.
கோப்பு ஏறி முடிப்பதற்குள் விடிந்துவிடும்,
பாதியில் அறுந்தால் மறுபடி அடிவாரம்.
"பென்டிரைவை பஸ் கண்டக்டர்கிட்டக் குடுத்துவிடுங்க,
இருபது வளைவும் அவருக்கு அத்துப்படி"
என்றார் பிலவேந்திரன், விளையாட்டுக்கு.
நான் அதை மாற்று வழி இரண்டு என்று
முறைப்படி சேர்த்தேன்.

அப்புறம் ஆத்தூர் ஆலையின் எடைமேடை.
ஜாவா ஆறு. பெட்டிமேல் சிவப்பு டேப்,
"தொட்டால் நின்றுவிடும்" என்று பச்சமுத்து எழுதி ஒட்டியது.
நிரலை எழுதிய இளங்குமணனைத் தேடிப்பிடித்தேன்,
புது பஸ் ஸ்டாண்டு எதிரே செல்போன் கவர் விற்கிறார்.
மூல நிரல் இல்லை. ஹார்டு டிஸ்க் போய் எட்டு வருஷம்.
"இன்னுமா ஓடுது?" என்று கேட்டவர்
என் போனுக்குக் கண்ணாடி ஒட்டிவிட்டுக்
காசு வாங்கவில்லை.

ஓரமாக ஒரு நகல் வைத்து
புது ஜாவாவில் ஓட்டிப் பார்த்தேன்.
ஓடியது. அதுதான் சிக்கல்.
ஒரே லாரி, அதே மரவள்ளிக் கிழங்கு,
பழையதில் எட்டு டன் நானூற்றைம்பது,
புதியதில் எட்டு டன் நானூற்றறுபது.
கடைசி இலக்கத்தில் ஐந்து வந்தால் மேலே ஏற்று என்று
ஐந்தாம் வகுப்பிலேயே படித்திருக்கிறோம்.
பழையது கீழே தள்ளுகிறது.
யாரும் வேண்டுமென்று செய்ததில்லை.
யாரும் பார்க்கவுமில்லை.
எல்லா லாரிக்கும் இல்லை, ஐந்தில் நிற்கும் லாரிக்கு மட்டும்;
அறுவடைக் காலத்தில் நாளுக்கு அறுபது லாரி,
பதிமூன்று வருஷம்.
பெருக்கிப் பார்க்க இன்னொரு எக்செல் தாள் திறந்தேன்,
பாதியில் மூடினேன்.

"அந்த ஒண்ணை மட்டும் விலக்குல போட்டுடுங்க"
என்றார் மேலாளர் தெய்வசிகாமணி,
"இத்தனை நாள் ஓடினது ஓடட்டும்."
விலக்குப் பட்டியல் இருப்பதே அதற்குத்தான்.

நாற்பத்தேழாம் வரிசை.
கணினி: ஆத்தூர் எடைமேடை.
பதிப்பு: ஆறு.
பாதுகாப்பு அபாயம்: ஏற்கப்பட்டது.
காரணம் என்ற கட்டத்தில்
கர்சர் துடித்துக்கொண்டே இருந்தது.
"பழைய செயலி" என்று எழுதி அழித்தேன்.
பிறகு உள்ளபடி எழுதினேன்:
"புதியது சரியாக நிறுக்கிறது."
ஒப்புதலுக்கு ஒன்பது பேருக்கு அனுப்பியாயிற்று.

மணி பதினொன்று இருபது. ஐந்து ரோட்டில்
தட்டுவடை செட்டு வண்டிக்காரர்
தார்ப்பாயை இழுத்துக் கட்டுகிறார்.
பண்டிகைக்கு இன்னும் பத்தொன்பது நாள்.
இதுவரை பதில் ஒன்றே ஒன்று,
பிலவேந்திரன், மலையிலிருந்து:
"கண்டக்டர்கிட்டச் சொல்லிட்டேன்."