பொழி

எங்கள் மில் ஆபீஸ் சுவரில் மூன்று கடிகாரம்.
நடுவில் பல்லடம்.
வலப்பக்கம் டாக்கா, அரைமணி முன்னே.
இடப்பக்கம் காட்மாண்டு, கால்மணி முன்னே.
கொழும்புக்கு எதுக்குத் தனியா, நம்ம நேரந்தானே என்று
சென்னியப்பண்ணன் நாலாவது ஆணியைப் பிடுங்கிவிட்டார்.
நேரத்தையே முன்னே தள்ளிப் பார்த்து, பத்து வருஷம் கழித்துப்
பின்னே இழுத்துக்கொண்டவர்கள் அவர்கள்.
ஆணி இருந்த ஓட்டை அப்படியே இருக்கிறது.

ஆடியில் ஒரு பிற்பகல்
வலப்பக்கக் கடிகாரத்து நாட்டில் ஆட்சி கவிழ்ந்தது.
பெட்ராபோல் கேட்டில் எங்கள் லாரி ஏழு.
நாராயண்கஞ்சுக்குப் போகிற நாற்பதாம் நம்பர் நூல்.
ஓட்டுநர் மாரப்பன் போனில்:
"முத்திரை குத்தற ஆளையே காணமுங்க.
முன்னால நிக்கற லாரியில வெங்காயம் மொளைச்சிருச்சுங்."
உன்னிப்பாகக் கவனித்து வருகிறோம் என்றது டெல்லி.
ஒன்பது நாள் கவனித்தது.
தார்ப்பாய்க்குள் ஈரம் இழுத்து
பில்லில் போட்ட எடையைத் தாண்டியது நூல்.

என் வேலை கடிதம் எழுதுவது.
துறைமுகத்துக்கு, வங்கிக்கு, அந்த ஊர்ச் சங்கத்துக்கு.
ஒரே ராத்திரியில் முப்பத்தொரு கடிதத்தில்
பெயர்களை அழித்தேன்.
"பேர எடுத்துட்டுப் பதவிய மட்டும் போடு அம்மிணி.
பதவி ஊரவுட்டு ஓடாது."
காட்மாண்டு கோப்பில் நான் பதவியைக்கூடப்
பென்சிலால்தான் எழுதுவேன்.

காலண்டர்தான் சிக்கல்.
ஐந்நூறு பிரதி, வழவழத் தாள்.
போன மாதம் வரை மந்திரியாயிருந்த ஒருவர்
அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருக்கிறார்.
அவரை மட்டும் வெட்டச் சொன்னார்.
கத்தரியை வைத்துப் பார்த்தேன்.
எங்கே வெட்டினாலும்
அண்ணனின் வலது கை அவரோடு போகிறது.

எங்களுக்குக் காமநாயக்கன்பாளையத்துப் பக்கம் காடு.
அதை ஒட்டி ஓர் இட்டேரி, அந்தப் பக்கம் ராக்கியப்பன் காடு.
அவர் ஒரு கோயமுத்தூர் டாக்டருக்கு விற்றார்.
டாக்டர் காற்றாலைக் கம்பெனிக்கு விற்றார்.
கம்பெனி யாருக்கு விற்றது என்று யாருக்கும் தெரியாது.
ஆள் மாறும்போதெல்லாம்
கிளுவை வேலி ஒரு சாண் நகர்ந்தது.
பக்கத்துக் காட்டுக்காரனை நம்பவே முடியாது என்று
எங்கள் வீட்டில் பேசிக்கொண்டோம்.
நகர்த்தியது நாங்கள்.
புது ஆளுக்குப் பழைய பொழி தெரியாது என்பதால்.
இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.
லாரி நின்ற ஒன்பது ராத்திரியும் இதுதான் ஞாபகம்.

பத்தாம் நாள் மொக்லேசூர் எழுதினார்,
பதினோரு வருஷமாக நூல் வாங்குகிறவர்,
நான் முகம் பார்த்ததில்லை:
"உங்கள் டிவியில் எங்கள் தெரு முழுக்க எரிகிறதாம்.
இன்று என் மகள் இரண்டு சடை போட்டுக்கொண்டு
அதே தெரு வழியாகப் பள்ளிக்கூடம் போனாள்.
சீன நூலுக்கு விலை கேட்டிருக்கிறேன்.
மறைக்க விருப்பமில்லை."

அண்ணனிடம் காட்டினேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"கிலோவுக்கு நாலு ரூவா கொறைன்னு எழுது" என்றவர்
வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.
"ரெண்டு."

நட்பு நாடு, நல்லுறவு, நீண்டகாலப் பிணைப்பு
என்று ஆரம்பித்த வரியை மூன்று தடவை அழித்தேன்.
ஈரத்தால் கூடிய எடையைக் கழித்துப்
புது பில் இணைத்தேன், அண்ணனைக் கேட்காமல்.
அடியில் கேட்டேன்: அங்கே மழையா?

வலப்பக்கக் கடிகாரத்தில் மணி ஏழு ஆகும்போது
பதில் வந்தது.
மழைதான். அங்கே?

ஜன்னலைத் திறந்து பார்த்தேன்.
காற்றாலை நின்றிருந்தது.
மேற்கே கொஞ்சம் கறுப்பு.
பெய்யுமா தெரியவில்லை என்று எழுதினேன்.