வாட் மீட்டர்

ஷார்ஜா ரோலாவில் ஆறு கட்டில் அறை.
கரண்ட் பில் ஆறாகப் பிரியும்.
"ராத்திரி முழுக்க உன் டப்பா ஓடுது.
ஏழாப் பிரி, ரெண்டு பங்கு நீ கட்டு"
என்றார் எபனேசர்.

நியாயம்தான்.
பதினெட்டு திர்ஹத்துக்கு ஒரு வாட் மீட்டர் வாங்கி
சுவருக்கும் பிளக்குக்கும் நடுவில் செருகினேன்.

என்னுடையது செங்கல் அளவு.
ஒரு கட்டட வரைபடத்துக்கு நாலு மணி நேரம்,
அறுபத்தைந்து வாட்,
விசிறியின் இரைச்சல் தனி.
சித்திரவேல் என் தலையில் கட்டப் பார்ப்பது
சோப்பு டப்பா அளவு.
பதினைந்து வாட். மூச்சுச் சத்தம்கூட இல்லை.
அதே படத்துக்குப் பதினோரு மணி நேரம்.

பெருக்கினேன்.
இருநூற்று அறுபது. நூற்று அறுபத்தைந்து.
சின்னதுதான் ஜெயித்தது,
காலை ஐந்து மணி பஸ் வந்தபோது
படத்தில் இன்னும் கூரை இல்லை.

தாளை நீட்டினேன்.
எபனேசர் கண்ணாடி மாட்டிப் படித்தார்.
"ஏசி எவ்வளவு?"
மீட்டர் தாங்காது என்றேன்.
அட்டையில் ஆயிரத்து எண்ணூறு.
டப்பா கக்கும் சூட்டையும் அதுதான் அள்ளி
ஜூலைத் தெருவில் கொட்டுகிறது.
"யானைப் பசிக்கு நீ
சோளப்பொரி எண்ணியிருக்க" என்று
குப்புறப் படுத்துக்கொண்டார்.

விளக்கணைத்த பிறகும்
எனக்குள் கணக்கு ஓடியது.
தூங்கும் ஆள் ஒருவன்
எண்பது வாட் சூடு விடுவானாம்.
ஆறு பேர், நானூற்று எண்பது.
எபனேசருக்கு நைட் ஷிஃப்ட் உள்ள வாரம்
நானூறு.

அந்த எண்பதைப் பில்லில் கழிக்கச் சொல்லி
அவர் இதுவரை கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.