இடமிருந்து 2217, மேலிருந்து 1408

மார்யுனின் கிடா காணாமல் போய் ஆறு நாள்.
முதுகில் சிவப்புச் சாயம், ஒரு கொம்பு உடைசல்,
வேலி என்ற ஒன்றை மதித்ததே இல்லை.

அக்டோபர் கடைசி. ஃபாரோ தீவில்
ஐந்து மணிக்கே மலைக்கு முகம் போய்விடும்.
விளிம்பில் நின்று ட்ரோனை ஏவினேன்.
காற்று பலம், திரும்பி வா என்று
திரை கெஞ்சிக்கொண்டே இருந்தது.
நாற்பத்தொரு படம்.
இறங்கும்போது பேட்டரியில் பதினொரு சதவீதம்,
என் விரல்களில் அதுவும் இல்லை.

வீட்டில், அடுப்புக்கு மேல் கையுறை காய,
ரா கோப்புகளைத் திறந்தேன்.
கரி.
கரிக்குள் இன்னும் கொஞ்சம் கரி.
நிழல் ஸ்லைடரை வலப்பக்கம் தள்ளத் தள்ள
பாறை எழுந்து வந்தது, தனியாக வரவில்லை:
குருணை கொட்டினாற்போல் பச்சையும் ஊதாவும்,
நடுவில் ரோஸ் கசிந்து, மூலைகள் பாசி பிடித்து,
நேரான பாறை அடுக்குகள் பீப்பாய் வயிறாய்ப் புடைத்து.
இதற்கு இரைச்சல் என்று பெயர் வைத்தவர் யாரோ.
காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை.
கண்தான் பொத்திக்கொள்ளப் பார்த்தது.

கூர்மையைக் கூட்டினேன், புல் புழுவாய் நெளிந்தது.
இரைச்சலைக் குறைத்தேன், மலை மெழுகாயிற்று.
குறைத்ததைக் கொஞ்சம் குறைத்தேன்.
நள்ளிரவு தாண்டி, இருபத்தாறாம் படத்தில்,
ஒரு பாறைத் திட்டின் மேல்
சின்னதாய், கூட்டல் குறி போல,
சிவப்பு.

கேமரா தானே செய்துதந்த ஜேபெக்கில் அது இல்லை.
ஜேபெக் பூசி மெழுகும்,
ரா உள்ளதை உள்ளபடி சொல்லும்
என்று எனக்கொரு நம்பிக்கை.
அந்நேரத்திலேயே மார்யுனுக்குப் போன் செய்தேன்.
"ம்" என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள்.

விடியுமுன் நான்கு பேர், கயிறு, இரும்பு முளை.
இறங்குவது ஹானுஸ்.
பத்து மணிக்கு மீன் தொழிற்சாலையில் அவனுக்கு ஷிஃப்ட்.

திட்டின் அகலத்தை இன்னொரு முறை பார்த்துச் சொல்லலாம் என்று
நான் அடுத்த படத்துக்குப் போனேன்.
இருபத்தேழு. வெறும் கடல்.
கடல்மேல் சிவப்பு.
முப்பது. மேகம். மேகத்திலும்.
முதல் படம்: கிளம்புமுன் தவறி அழுத்தியது,
என் ரப்பர் பூட்ஸ்.
பூட்ஸின் நுனியில்
இடமிருந்து 2217, மேலிருந்து 1408,
அதே கூட்டல் குறி.

சென்சாரில் அணையத் தெரியாத ஒற்றைப் பிக்சல்.
ஜேபெக்கில் கேமரா அதைத் துடைத்துவிடும்.
ராவில் விட்டுவைக்கும்,
உள்ளது உள்ளபடி.

போனை யாரும் எடுக்கவில்லை. ஓடினேன்.
நான் போய்ச் சேர்ந்தபோது கயிறு விறைத்து நின்றது.
இழுத்து ஏற்றினார்கள்.
முழங்காலில் ரத்தம், கை நிறைய ஈரப் புல்.
"அங்கே ஒன்றும் இல்லை" என்றான் ஹானுஸ்.
"தெரியும்" என்றேன்.
இந்த ஊரில் இதுவரை நான் சொன்னதில்
அதைவிட மோசமான சொல் இல்லை.

மார்யுன் மட்டும் என் தோளைத் தட்டினாள்.
அது இன்னும் மோசம்.

மதியம், எல்லா ஸ்லைடரையும் பூஜ்யத்துக்கு இழுத்து
இருபத்தைந்தையும் இருபத்தாறையும்
ஒன்றன்மேல் ஒன்று வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தேன்.
குருணை படத்துக்குப் படம் இடம் மாறிற்று.
சிவப்பு அசையவே இல்லை,
பாறை நகர்ந்தும்.
சிவப்புக்கு வெகு இடப்பக்கம், ஒரு பிளவின் வாயில்,
சாம்பலாய்ப் பத்துப் பன்னிரண்டு பொடி மட்டும்
பாறையோடு சேர்ந்து நகர்ந்தது.
ஆறு நாள் மழை சாயத்தை விட்டா வைத்திருக்கும்?
பொடியின் ஒரு முனையில் ஏதோ வளைவு.
நேற்றிரவு இதைத்தான்
இரைச்சல் என்று துடைத்திருக்கிறேன்.

ஹானுஸுக்கு ஷிஃப்ட் முடிய ஆறு மணி ஆகும்.
அதற்குள் இருட்டிவிடும்.
தொழிற்சாலை வாசலில்
கோட்டுக்குள் மடிக்கணினியோடு நிற்கிறேன்,
எந்த வார்த்தையில் தொடங்குவது என்று தெரியாமல்.
பேட்டரி நாற்பது.