இருப்புச் சரிபார்ப்பு

மார்ச் கடைசி வாரம்.
விலங்கியல் ஆய்வக ஜன்னலில்
ஏற்காட்டு மலை வெயிலில் கரைந்துகொண்டிருக்கிறது.
தணிக்கைக்கு வந்த அருணகிரி
பேனா மூடியைக் கடித்தபடி வாசிக்கிறார்:
"வரிசை எண் நூற்றுப் பதினான்கு.
கடல் நத்தை, ஓடில்லாதது, ஒன்று.
நிறம் கத்திரிப்பூ. ஓரம் மஞ்சள்."

ஜாடியை இறக்கி வைத்தேன்.
உள்ளே,
ஊறவைத்த ஜவ்வரிசிபோல் வெளுத்து
கட்டைவிரல் நீளத்தில் ஒன்று.

"நிறம் எங்கே, வேடியப்பன்?"

இருபத்திரண்டு வருஷமாய் இந்த அறையின் சாவி என்னிடம்.
பல்லிக்கு வால் தொலைந்ததற்கு விளக்கம் எழுதியிருக்கிறேன்,
தவளை எலும்புக்கூட்டில் குறைந்த விரலுக்கும்.
நிறம் தொலைந்ததற்கு
எந்தப் படிவம்?

"ஃபார்மலின் தின்றுவிட்டது, சார்."

அவர் நம்பவில்லை.
"கடல் அட்டைதானே இது? தடைசெய்த சரக்காச்சே."

இல்லை சார். அட்டை முட்தோலி,
நட்சத்திர மீனுக்குப் பங்காளி.
இது மெல்லுடலி.
மழைக்காலத்தில் நம் குழாயடியில் ஊர்கிறதே,
அந்த நத்தைக்குச் சொந்தம்.
குஞ்சுப் பருவத்திலேயே ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு
வெறும் உடம்போடு கிளம்பிய சொந்தம்.

தலையில் இரண்டு கொம்பு: முட்டுவதற்கல்ல,
மோப்பத்துக்கு.
முதுகின் கடைக்கோடியில்
வாடிய பூப்போல் சுருங்கியிருப்பது செவுள்.
உயிரோடிருக்கையில் விரியும்.
அதன் நடுவில் மலவாய்.
ஆமாம் சார், மூச்சுவிடும் பூவுக்கு நடுவில்தான்.

அருணகிரி டீயைக் கீழே வைத்தார்.

வாய்க்குள் ரம்பம்போல் நாக்கு.
கடற்பஞ்சைச் சுரண்டித் தின்று
அதன் நஞ்சை
ஓரத் தோலில் சேமித்துவைக்கும்.
ஆணும் அதுவே, பெண்ணும் அதுவே,
வாசல் மட்டும் வலப்புறம்.
அதனால் இரண்டு சேரும்போது
ஒன்றுக்கொன்று எதிர்த்திசை பார்த்து உரசி நிற்கும்,
லீ பஜார் சந்தில் மாட்டிய லாரிகள்போல.

கண் உண்டு,
சதைக்குள் புதைந்த இரண்டு கரும்புள்ளி.
வெளிச்சம் தெரியும், இருட்டு தெரியும்.
அவ்வளவுதான்.
அந்தக் கத்திரிப்பூ நிறத்தை
இது பார்த்ததே இல்லை.
மீன்களுக்கு எழுதிய எச்சரிக்கைப் பலகையைச்
சுமந்து திரிந்தது, வாசிக்கத் தெரியாமல்.

ஜாடியின்மேல் மூன்று சீட்டு, ஒன்றின்மேல் ஒன்று.
அடியில் இருப்பது: இனம் தெரியவில்லை.
நடுவில்: குரோமோடோரிஸ்.
மேலே, எஸ்தர் ஜெபசீலி மேடம்
ஓய்வுபெற்ற மாதத்தில் பசை தடவிக் கொடுத்தது:
கோனியோபிராங்கஸ்.
"மரபணு பார்த்துப் பாகம் பிரிச்சுட்டாங்க, வேடியப்பா."
இத்தனை பேர் மாறியும்
இது ஒருமுறைகூடப் புரண்டு படுக்கவில்லை.

தணிக்கைப் புத்தகத்துக்கு வேறு பிரிவுகள்:
மரம். இரும்பு. கண்ணாடி. இதர.
அவர் விரல்
கண்ணாடிக்கும் இதரவுக்கும் நடுவில் நின்றது.

"இன்னொன்று இருக்கிறது, சார்."

ஜாடிக்குள்ளேயே, உடலோடு ஒட்டி
பென்சிலில் எழுதிய துண்டுத்தாள்.
மை கரையும்; பென்சில் கரையாது.

மண்டபம். ஜனவரி. நீர் வற்றிய வேளை, பாறைக்கு அடியில்.
முதுகு கத்திரிப்பூ.
ஓரம் மஞ்சள்.
கொம்பு

அதோடு தாள் நைந்துவிட்டது.

இருவரும் கண்ணாடியில் நெற்றி ஒட்டிப் பார்த்தோம்.
காரம் கண்ணைக் கரித்தது.
"சிவப்பா இருந்திருக்கும்," என்றார்
யாரும் கேட்காமல்.
பிறகு நெடுநேரம் யோசித்து எழுதினார்:
*நிறம் இருப்பில் உள்ளது, தாளில். கொம்பு நீங்கலாக.*

சாயங்காலம் அஸ்தம்பட்டி வண்டிக்கடையில்
தட்டுவடை செட் ஒன்று கட்டித் தரச் சொன்னேன்.
பீட்ரூட் துருவல் பொட்டலத்தை நனைத்து
சட்டைப்பைவரை இறங்கிவிட்டது.
சோப்புக்கும் போகவில்லை.

என்ன கறை இது, என்றாள் பாவாயி.

கொம்பாயிருக்கலாம், என்றேன்.