கடலின் விலை

சொஹார் துறைமுகம், மூன்றாம் கதவு.
இரவு இரண்டு மணிக்கும் இரும்பு ஆறவில்லை.
என் திரையில் தூத்துக்குடி வெங்காயம்:
இருபத்தேழு டன், சிவப்பு வலைச் சாக்கு.

இதே பெட்டியின் எண்ணைப்
பத்து நாள் முன்னால் ஜெசிந்தா தட்டியிருக்கிறாள்,
பீச் ரோட்டு ஏஜென்ட் அலுவலகத்தில்,
மின்விசிறிக்குக் காகிதம் பறக்காமல்
ஸ்டேப்லரை மேலே வைத்துக்கொண்டு.

அவள் எழுதியது ஏழு லட்சம்.
நான் எழுதுவது எட்டரை.
வழியில் வெங்காயம் வளர்ந்துவிடவில்லை,
சொல்லப்போனால் நாலு சாக்கு அழுகியிருக்கிறது.
கப்பலில் ஏற்றி வைக்கிற வரைக்கும்தான் அவள் கணக்கு.
கப்பல் கூலி, காப்பீடு எல்லாம் சேர்ந்தது என் கணக்கு.
விதி அப்படி.
நடுவில் நிற்கும் ஒன்றரை லட்சம்
கடலின் விலை.

அவளுக்கு அது மார்ச் மாதச் சரக்கு.
எனக்கு ஏப்ரல்.
இரண்டு நாடுகளின் ஏடுகளை அருகருகே வைத்தால்
ஒரே பெட்டி
இரண்டு மாதத்தில், இரண்டு விலையில் கிடக்கும்.
பொய் சொன்னவர் யாருமில்லை.

'உபரி'யென்று பத்திரிகையில் வந்த அன்று
தாத் கரீம் கேட்டான்:
சம்பளம் கூடுமா?
விற்றதிலிருந்து வாங்கியதைக் கழி,
மிஞ்சுவது உபரி, அவ்வளவுதான் என்றேன்.
பீப்பாய்கள் குறைந்த மாதம்தான் அது.
விலை மட்டும் ஏறியிருந்தது.
ஒரு சொட்டுக் கூடுதலாகப் போகாமல்
எண் மட்டும் கொழுத்திருந்தது.

அதற்கு முந்தின மாதம்
குடிநீர் ஆலைக்கு ஒரு டர்பைன் வந்தது,
இரண்டு துண்டாக, தார்ப்பாய் போர்த்தி.
எண் மெலிந்தது.
நாடு சரியுதாமே என்றார் டீக்கடைக்காரர்,
எனக்குச் சர்க்கரை போட்டபடி.
அந்த டர்பைன் இருபது வருடம் தண்ணீர் தரும்,
ஆனால் வந்த மாதத்தில்
அது வெறும் செலவு.
ஒரு மாத எண்ணைப் பார்த்து நாட்டைச் சொல்வது
நாலு மாடி ஏறி வந்தவனின்
நாடியைப் பிடித்துப் பார்ப்பது மாதிரி.
கொஞ்சம் உட்கார விடுங்கள்.

போனில் ஒருநாள் வாய் தவறி
"எங்க உபரி" என்றுவிட்டேன்.
ஒன்றரை மணி நேரம் முன்னே போய்விட்ட ஊரிலிருந்து
அவள் கேட்டாள்:
எங்கன்னா யாரு?
உங்க உபரிதானே எங்க பற்றாக்குறை?
சிரித்தாள்.
நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

பதினொரு வருடமாக இங்கே தட்டுகிறேன்.
ஏழாம் அத்தியாயத்தில் வெங்காயம் உண்டு,
எண்பத்துநாலில் டர்பைன்.
நான் அனுப்பும் பணம் வேறு அட்டவணையில்,
வேறு கட்டடத்தில், வேறு யாரோ தட்டுகிறார்.
விடுமுறைக்குத் தூக்கிப் போகும் முப்பது கிலோ
தனிப்பட்ட உடைமை, கணக்கில் சேராது.
அவள் கேட்ட நீல நிறக் குக்கரும் சேராது.
அது இருப்பதை
எந்த நாடும் அறியாது.

நம்ம கணக்கு என்னைக்காவது ஒத்துப்போகுமா
என்று அவள் கேட்டபோது
பத்துச் சதவீத வித்தியாசம் உலகத்தில் சகஜம் என்றேன்.
பத்தா?
எனக்கு அதுக்கு மேலேயே இருக்கு, என்றாள்.

விடிகிற நேரம்
கிரேன் காலிப் பெட்டிகளை எடுக்கிறது.
நிறைய வருகிறது, வெறுமையாகத் திரும்புகிறது.
காலிக்கு மதிப்பென்று எழுத
என் படிவத்தில் கட்டமே இல்லை.

நேற்றைய வெங்காயப் பெட்டியைச் சோதிக்கப் போனேன்.
மூலையில் ஒட்டியிருந்தது ஒரு சருகு,
இளஞ்சிவப்பு, நகத்தளவு கனமில்லை.
பெருக்கச் சொல்வதுதான் வழக்கம்.
கதவைச் சாத்தி
'காலி' என்று கையெழுத்துப் போட்டேன்.
இந்த வாரக் கப்பலில்
அது தூத்துக்குடிக்குப் போகிறது.