அரை மாத்திரை

மதாம் ஒர்த்தான்ஸ் தாளத்துக்குப் பின்னால் வருகிறார்.
பதினாறு வருடமாக எனக்கு இது குறை.
பேஸ் கிதாரில் நான் ஒன்றை வைத்தால்
ஒன்றரைக்குக் கொஞ்சம் முன்னால்,
செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வருவதுபோல்
முதல் சொல் வரும்.

பகலில் நான் மின்துறையில் மீட்டர் கணக்கெடுப்பவன்.
முதலியார்பேட்டை, வாணரப்பேட்டை, தேங்காய்த்திட்டு.
எண்ணில் பிசகு எனக்கு ஆகாது.
ஒரு ஞாயிறு அவருடைய பழைய பதிவுகளைக் கணினியில் போட்டு
அலைகளைப் பெரிதாக்கி அளந்து பார்த்தேன்.
பிந்துவது ஒரே அளவு இல்லை.
பெயர்ச்சொல்லுக்கு அதிகம்.
வினைச்சொல்லுக்குக் குறைவு.
‘இல்லை’ என்ற சொல்லுக்கு மட்டும்
தாளத்தை முந்திக்கொள்கிறார்.

மணல் ஏறிய குரல் என்று எழுதுவார்கள்.
கடற்கரை ஊர் என்றால் எதிலும் ஒரு பிடி மணலைத் தூவிவிடுகிறார்கள்.
எனக்குக் கேட்பது வேறு.
மெய்யெழுத்து பல்லுக்குப் பக்கத்தில்,
உயிரெழுத்து எங்கோ உள்ளே, சமையலறைப் பக்கம்,
நடுவில் மூச்சு.
அந்த மூச்சையெல்லாம் வெட்டி அனுப்பினார் ஒலிப்பதிவாளர் ஒருமுறை.
கேட்டுவிட்டு மதாம் சொன்னார்:
‘சுத்தமா இருக்கு. யார் பாடினது?’

அப்புறம் அந்தக் கடைசி உகரம்.
மழைக்கு முன்னே தெருவில் ஒரு காற்று
என்று ஆரம்பிக்கும் பாட்டு.
யாராயிருந்தாலும் ‘காற்றூ’ என்று நீட்டும் இடம்.
இவர் அரை மாத்திரைக்கு மேல் தரமாட்டார்.
ஒன்பதாம் வகுப்பில் மனப்பாடம் செய்து
பரீட்சையோடு மறந்துபோன குற்றியலுகரம்
நெல்லித்தோப்பு டயர் கடை மாடியில் எனக்கு விளங்கியது.
மீதி அரையை யூசுப் மரைக்காயர்
சிம்பல்மேல் தூரிகையால் எடுத்துக்கொள்வார்.
கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை.
இரண்டிலும் நான்கிலும் அவர் விரல் நொடிப்பதைப் பார்த்து
ஜாஸ் எங்கே படித்தீர்கள் என்று கேட்கிறார்கள்.

‘சொல்தா வீட்டுப் பூனை’யையும் சொல்லவேண்டும்.
பிரெஞ்சு பென்ஷன்காரர் இறந்துபோகிறார்.
மாதம் பிறந்தும் வஞ்சிரம் வரவில்லை என்று
பூனை வாசலைப் பார்க்கிறது. அவ்வளவுதான் பாட்டு.
நான் மைனருக்கு இறங்கினேன், சாவு வீடாயிற்றே.
கீபோர்டில் அவர் கை மேஜர் செவன்த்தில் அசையாமல் இருந்தது.
‘பூனைக்கு இன்னும் விஷயம் தெரியாது.
நீ எதுக்கு முன்னாடியே அழற?’
பாட்டின் கடைசியில் சட்ஜத்துக்குத் திரும்பவும் விடவில்லை.
மேல் ரிஷபத்தில் நிற்கிறது இன்னும்,
மணியடித்துவிட்டு ஆள் வரக் காத்திருப்பதுபோல.

போன மாதம் குருசுக்குப்பம் மண்டபம்.
யூசுப் காரைக்காலில், தங்கை மகள் கல்யாணம்.
நாங்கள் இரண்டே பேர்.
மூன்றாவது பாட்டில் கரண்ட் போனது,
மேடையில் மின்துறைக்காரனை வைத்துக்கொண்டு.
யாரோ சிரித்தார்கள்.
என் தந்திகள் கொசு அளவுக்கு முனகின.
கீபோர்டு வெறும் பலகை.

மதாம் நிறுத்தவில்லை.
இருட்டில் அந்தக் காற்றுப் பாட்டைத் தொடர்ந்தார்.
என் கால் பழக்கத்தில் தரையைத் தட்டியது, ரப்பர் செருப்பு, சத்தமில்லை.
ஒவ்வொரு சொல்லும்
அதன்மேலேயே விழுந்தது.
மழை, தெரு, ஜன்னல் எல்லாம் நேரத்துக்கு.
அறுபத்தெட்டு வயதுக் குரல்
கையைக் கட்டிக்கொண்டு ஒப்பிக்கும் பிள்ளையைப்போல்
ஒரு மயிரிழை பிந்தாமல்.

எனக்கு அது பிடிக்கவில்லை.
சாய்ந்துகொள்ளச் சுவர் இல்லாத இடத்தில்
ஒருவர் நேராக நிற்பதைப் பார்த்ததுபோல் இருந்தது.
பதினாறு வருடக் கணக்கில்
ஒரு வரி என் பெயரில் எழுதவேண்டியதை
அவர் பெயரில் எழுதியிருந்தேன் போலும்.

நான்காவது சரணத்தில் விளக்கு வந்தது.
ஆம்ப்ளிஃபயர் ஒருமுறை கனைத்தது.
அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.
ஒன்றை வைத்தேன்.

செருப்பைத் தேடும் நேரம்.

பிறகு வந்தார்.