செயப்பாட்டுவினை

பாம்பெர்க்கில் இன்றும் மேகம்.
பரவாயில்லை, என் விண்மீனின் ஒளி
சிலியிலிருந்து கோப்பாக வந்துவிட்டது.
புகைவாடை பியரும் ஈரக் கோட்டுமாய்
மேடேறி வந்த வீப்கே
திரையைப் பார்த்து நின்றாள்:
நூறு நிமிடத்துக்கு ஒரு பள்ளம்.
ஏதோ மறைக்கிறது.

கணக்குப் போட்டோம்.
விண்மீனாக எடை போதாமல் நின்றுபோன ஒன்று,
ஐம்பது வியாழன் கனம்,
பழுப்புக் குள்ளன்.

இந்த நீலப் பொட்டு முன்பு
ஊதிச் சிவந்து கிடந்தது.
அருகிலிருந்ததையெல்லாம் வாரி விழுங்கியது.
சின்னக் கோள்கள் ஏதும் இருந்திருந்தால்
உலையில் விழுந்த உப்பு.
பெயர் வைக்கவும் ஆளில்லை.

இது மட்டும்
வயிற்றுக்குள் போயும் சுற்றுவதை விடவில்லை.
மத்துப்போல் கடைந்தது.
சுழலச் சுழல உள்ளே சரிந்தது.
சரிந்ததன் விலையெல்லாம் வெப்பமாகி
விழுங்கியவன் மேனி
கழன்று
கழன்று
வெளியே போயிற்று.

மிச்சம்: நடுக்கரு ஒன்று, அம்மணமாய், கொதித்தபடி.
அதன் முகத்தருகே குள்ளன்,
ஒரு கன்னம் வெந்துகொண்டும்
மறு கன்னம் இருட்டிலும்.

கட்டுரையின் முதல் வரியில் வீப்கே
"விழுங்கப்பட்ட துணை" என்று எழுதியிருந்தாள்.
நான் "விழுங்கப்பட்ட"வை அடித்தேன்.
அவள் திரும்பச் சேர்த்தாள்.
"பின்னே எப்படிச் சொல்வாய்?"
எனக்கும் தெரியவில்லை.

மணி ஒன்று. கடைசிப் பேருந்து போயாயிற்று.
பள்ளங்கள் இன்னும்
ஏழு வினாடி முன்பின்னாய் விழுகின்றன.
பிழையாக இருக்கலாம்.
அல்லது எட்டத்தில் மூன்றாவதாய் ஒன்று,
யாரும் விழுங்காதது,
இருவரையும் மெல்ல இழுத்துக்கொண்டு.